கடந்து செல்லுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: பொருளும் பிறப்பும்

தமிழில் ஆற்றைக் கடக்கலாம், சாலையைக் கடக்கலாம், காட்டையும் எல்லையையும் காலத்தையும் கடக்கலாம். எல்லாவற்றுக்கும் ‘கட’ என்ற ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் இதற்குப் பல சொற்கள் உள்ளன. சாலையைக் கடப்பது ‘கிராஸ்’. படகில் ஏறி மறுகரை சேர்வது ‘ஃபெர்ரி’. ஆற்றில் இறங்கி நடந்தே கடக்கும் ஆழமற்ற இடம் ‘ஃபோர்டு’. அனுமதியின்றிப் பிறர் நிலத்தினுள் கால் வைப்பது ‘டிரெஸ்பாஸ்’. ஒரு வாகனத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்காக இடையில் தங்குவது ‘டிரான்சிட்’.

இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் இங்கிலாந்தின் வரலாறு. 5-ஆம் நூற்றாண்டிலிருந்து குடியேறிய ஜெர்மானிய இனத்தவர், 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வந்த வைக்கிங்குகள், 1066-இல் நாட்டை வென்ற நார்மானியர், பின்னர் இலத்தீன் கற்ற அறிஞர்கள் என ஒவ்வொரு தரப்பினரும் கடத்தலுக்குத் தத்தம் சொல்லைக் கொண்டுவந்தனர். பழைய சொல் மறையாமல் புதிய சொல்லும் நிலைத்தபோது, ஒவ்வொன்றும் ஒரு தனிப் பொருளைப் பிடித்துக்கொண்டது. எனினும் இச்சொற்களில் பெரும்பாலானவை உடலால் செய்யும் எளிய செயல்களிலேயே தொடங்கின. நீரில் இறங்குதல், அடி எடுத்து வைத்தல், சுமையை மறுகரை சேர்த்தல் ஆகியவை அச்செயல்கள். வாணிகம், சட்டம், சமயம், அறிவியல் ஆகியவற்றில் இன்று வழங்கும் பொருள்கள் இவற்றிலிருந்து கிளைத்தவை.

சிலுவையிலிருந்து வந்த ‘கிராஸ்’

இன்று மிகப் பரவலாக வழங்கும் ‘கிராஸ்’ என்ற சொல் தொடக்கத்தில் கடப்பதைக் குறிக்கவில்லை. இலத்தீனில் ‘குருக்ஸ்’ என்பது குற்றவாளிகளை அறைந்து கொல்லும் மரத்தின் பெயர். கிறித்தவம் பரவியபோது அது சிலுவையைக் குறித்தது. அயர்லாந்து மக்கள் அதைக் ‘குரோஸ்’ என்று வழங்கினர். அயர்லாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் அச்சொல்லை எடுத்துக்கொண்டு தம் நார்சு மொழியில் சேர்த்தனர். அவர்கள் வழியாக 10-ஆம் நூற்றாண்டளவில் அது இங்கிலாந்தை அடைந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர் சிலுவைக்கு ‘ரூட்’ என்ற தம் சொந்தச் சொல்லையே வழங்கினர். பழைய தேவாலயங்களில் பீடப் பகுதியை மக்கள் அமரும் பகுதியிலிருந்து பிரிக்கும் வேலைப்பாடு மிக்க தடுப்புக்கு ‘ரூட் ஸ்கிரீன்’ என்ற பெயர் இன்றும் உள்ளது.

சிலுவையின் வடிவமே பொருள் மாற்றத்துக்கு வழி திறந்தது. சிலுவையில் ஒரு கட்டை மற்றொன்றின் குறுக்கே கிடக்கிறது. நீண்டு கிடக்கும் சாலையின் குறுக்கே ஒருவர் நடந்தால் அவர் செல்லும் கோடும் சாலையும் சேர்ந்து சிலுவை வடிவம் ஆகின்றன. இவ்வாறு ‘கிராஸ்’ என்பது குறுக்கே செல்வதைக் குறிக்கும் வினையாயிற்று. ‘அக்ராஸ்’ என்ற சொல்லும் முதலில் ‘சிலுவை வடிவில்’ என்றே பொருள்பட்டது. ‘ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு’ என்ற பொருள் பின்னர் வந்தது.

குறுக்கே வருவது தடையாகவும் அமையும். குறுக்காக வீசும் காற்று கப்பலுக்குப் பகை. அந்த வழியில் ‘கிராஸ்’ என்பதற்கு ‘எதிரான’ என்ற பொருளும், அதிலிருந்து ‘சினம் கொண்ட’ என்ற பொருளும் வந்தன. ஒருவர் நம்மிடம் ‘கிராஸாக’ இருக்கிறார் என்றால் கோபமாக இருக்கிறார் என்பதே பொருள்.

இச்சொல்லின் உறவினர் பலர். ‘குரூஸ்’ என்ற கப்பல் உலா டச்சு மொழியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. கடலின் ஒரு பகுதியை முன்னும் பின்னுமாகக் குறுக்கிட்டு ஓடுவதே அதன் முதற்பொருள். ‘எக்ஸ்குருஷியேட்டிங்’ என்ற சொல் தாங்க முடியாத வலியைக் குறிக்கும். சிலுவையில் அறையப்பட்டவரின் வேதனை அதனுள் உள்ளது. ‘மிக முக்கியமான’ என்னும் பொருள்தரும் ‘குரூஷியல்’ பிரான்சிஸ் பேகன் 1620-இல் வெளியிட்ட ‘நோவும் ஆர்கானும்’ என்ற இலத்தீன் நூலோடு தொடர்புடையது. இரண்டு விளக்கங்களில் எது சரி என்று முடிவு செய்ய உதவும் சான்றை, வழிகள் பிரியும் இடத்தில் நிற்கும் சிலுவை வடிவ வழிகாட்டிக் கம்பத்தோடு அவர் ஒப்பிட்டார்.

குறுக்கெழுத்துப் புதிரின் ஆங்கிலப் பெயரும் இச்சொல்லைக் கொண்டது. ஆர்தர் வின் என்பவர் உருவாக்கிய புதிர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளிவந்தது. அப்போது அதன் பெயர் ‘வேர்டு-கிராஸ்’. சில வாரங்களில் சொற்கள் இடம் மாறி ‘கிராஸ்வேர்டு’ ஆயிற்று.

ஊர்ப்பெயர்களில் ஓர் எச்சரிக்கை தேவை. லண்டனின் ‘சேரிங் கிராஸ்’ என்பது சேரிங் என்ற இடத்தில் இருந்த சந்தியைக் குறிக்கவில்லை. 1290-இல் இறந்த அரசி எலினோரின் நினைவாக முதலாம் எட்வர்டு மன்னர் எழுப்பிய பன்னிரண்டு சிலுவை நினைவுச்சின்னங்களுள் ஒன்று அங்கே நின்றது. இப்பெயரில் ‘கிராஸ்’ தன் பழைய பொருளிலேயே வாழ்கிறது.

ஆற்றுத்துறையும் எருதும்: ‘ஃபோர்டு’

பாலங்கள் அரிதாக இருந்த காலத்தில் ஆற்றைக் கடக்க ஆழம் குறைந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. அத்தகைய இடம் ‘ஃபோர்டு’ எனப்பட்டது. மக்கள் கூடும் இடமாதலால் அதனருகே ஊர்கள் வளர்ந்தன. ‘பிராட்ஃபோர்டு’ என்றால் அகன்ற துறை. ‘ஸ்டிராட்ஃபோர்டு’ என்றால் ரோமானியர் அமைத்த சாலை ஆற்றைக் கடக்கும் துறை. ‘ஹெர்ட்ஃபோர்டு’ கலைமான் துறை. ‘ஆக்ஸ்ஃபோர்டு’ எருதுகள் கடக்கும் துறை. ஜெர்மனியின் ‘ஃபிராங்க்ஃபுர்ட்’ என்ற பெயரும் இதே அமைப்புடையது. அது ஃபிராங்க் இனத்தவரின் துறை.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெல்ஷ் மொழியில் ‘ரிடஹென்’ என்று பெயர். அதன் பொருளும் எருதுத் துறையே. ஒலியில் இரு பெயர்களுக்கும் ஒற்றுமை தெரிவதில்லை. ஆனால் துறையைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிறந்தவை. எருதுகளைக் குறிக்கும் இரு சொற்களும் அவ்வாறே. துருக்கியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் நீரிணையின் பெயரான ‘பாஸ்பரஸ்’ கிரேக்கச் சொல். ‘பௌஸ்’ என்றால் மாடு, ‘போரோஸ்’ என்றால் கடக்கும் வழி. பசுவாக மாற்றப்பட்ட அயோ என்னும் பெண் அந்த நீரிணையைக் கடந்ததாகக் கிரேக்கத் தொன்மம் கூறும். ஆக, இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரும் துருக்கியின் நீரிணையும் பொருளால் ஒரே பெயருடையவை.

‘ஃபோர்டு’, ‘போரோஸ்’ ஆகிய இரண்டும் உறவுச் சொற்கள் எனில் ஒன்றில் ‘ஃப’ ஒலியும் மற்றொன்றில் ‘ப’ ஒலியும் வருவது ஏன்? இதற்கு விடை ‘கிரிம் விதி’ என்று அறியப்படும் ஒலிமாற்ற விதியில் உள்ளது. டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் 1818-இல் வெளியான தம் நூலில் இதைச் சுட்டினார். ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம் 1822-இல் இதை முறைப்படுத்தினார். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் சொல்லின் முதலில் வரும் ‘ப’ ஒலி, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ ஆகிறது. இலத்தீனின் ‘பாட்டர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆவதும் இவ்விதிப்படியே.

கடத்தல், முன்செல்லல் என்னும் பொருளுடைய ‘பெர்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இச்சொற்கள் பிறந்ததாக மொழியியலாளர் மீட்டுருவாக்கியுள்ளனர். இலத்தீனில் துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்டுஸ்’ அவ்வேரில் பிறந்தது. அதிலிருந்து ஆங்கிலத்தின் ‘போர்ட்’ வந்தது. துறைமுகத்தை நோக்கிச் சாதகமாக வீசும் காற்றை ரோமானியர் ‘ஒப்போர்ட்டூனுஸ்’ என்றனர். ‘வாய்ப்பு’ எனப் பொருள்படும் ‘ஆப்பர்ச்சூனிட்டி’ அங்கிருந்து வந்தது. நார்வேயின் மலைகளுக்கிடையே நுழைந்து கிடக்கும் கடற்கூறுகளின் பெயரான ‘ஃபியோர்டு’ம் இக்குடும்பத்தது. கிரேக்கப் ‘போரோஸ்’ வழியாகத் தோலின் நுண்துளையைக் குறிக்கும் ‘போர்’ கிடைத்தது. வழிச்செல்லும் வணிகனைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து, பெரிய அங்காடியைக் குறிக்கும் ‘எம்போரியம்’ கிடைத்தது.

பயணமும் கட்டணமும்: ‘ஃபேர்’, ‘ஃபெர்ரி’

பழைய ஆங்கிலத்தில் ‘ஃபாரன்’ என்றால் பயணம் செய்தல். ஜெர்மன் மொழியில் ‘ஃபாரென்’ இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. ஆங்கிலத்திலோ அந்த வினை பெரும்பாலும் வழக்கொழிந்து, அதன் கிளைகள் மட்டும் எஞ்சின. பேருந்தில் கேட்கும் ‘ஃபேர்’ முதலில் பயணத்தையே குறித்தது. பின்னர்தான் அதற்குக் கொடுக்கும் பணத்தைக் குறித்தது. விடைபெறும்போது சொல்லும் ‘ஃபேர்வெல்’ என்பதற்கு ‘நன்றாகச் சென்று வா’ என்பது நேர்ப்பொருள். ‘நலம்’ என்னும் பொருளுடைய ‘வெல்ஃபேர்’ நன்றாகச் செல்லுதல் என்ற கருத்திலிருந்து வந்தது. ‘வேஃபேரர்’ என்பவர் வழிப்போக்கர்.

பயணம் செய்தல் ‘ஃபேர்’ என்றால், பிறரைப் பயணம் செய்ய வைத்து மறுகரை சேர்ப்பது ‘ஃபெர்ரி’. தமிழில் ‘கட’ என்பது தன்வினையாகவும் ‘கடத்து’ என்பது பிறவினையாகவும் அமைவது போன்ற உறவு இது.

ஆபத்தும் அனுபவமும்

ஆற்றைக் கடப்பது அக்காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் செயல். நீரோட்டம் இழுக்கலாம், ஆழம் தெரியாமல் கால் வைக்கலாம். இலத்தீனில் ஆபத்தைக் குறிக்கும் ‘பெரிகுலும்’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் ‘பெரில்’ வந்தது. முயன்று பார்த்தலைக் குறிக்கும் ‘எக்ஸ்பெரிரி’ என்ற வினையிலிருந்து அனுபவம் எனப் பொருள்படும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’, சோதனையைக் குறிக்கும் ‘எக்ஸ்பெரிமென்ட்’, வல்லுநரைக் குறிக்கும் ‘எக்ஸ்பர்ட்’ ஆகியவை வந்தன. கிரேக்கத்தில் முயற்சியைக் குறிக்கும் ‘பெய்ரா’ என்ற சொல் கடற்கொள்ளையரைக் குறிக்கும் ‘பைரட்’டையும், நேரறிவைச் சார்ந்தது எனப் பொருள்படும் ‘எம்பிரிக்கல்’ என்ற சொல்லையும் தந்தது. கிரிம் விதிப்படி ‘ஃப’ ஒலி பெற்ற ‘ஃபியர்’ இன்று அச்சத்தைக் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது திடீரென நேரும் ஆபத்தையே குறித்தது.

இச்சொற்களின் மூலமும் ‘பெர்’ என்றே மீட்டுருவாக்கப்படுகிறது. முயன்று பார்த்தல் என்னும் பொருளுடைய இந்த வேர், கடத்தல் என்னும் பொருளுடைய வேரின் கிளையே எனப் பலர் கருதுகின்றனர். ஒலியால் மட்டும் ஒத்த வேறு வேர் எனக் கொள்வோரும் உண்டு. முதற்கருத்தின்படி ஆபத்தும் அனுபவமும் ஒரே ஆற்றுத்துறையிலிருந்து எழுந்த சொற்கள். அஞ்சியும் துணிந்தும் இறங்கி மறுகரை ஏறியவருக்கு அடுத்த முறை ஆழம் தெரியும்.

பாலமும் பூசாரியும்

பாலத்தைக் குறிக்கும் ‘பிரிட்ஜ்’ பழைய ஆங்கிலச் சொல். மரக்கட்டை என்ற கருத்திலிருந்து அது தோன்றியதாகக் கருதப்படுகிறது. குறுகிய ஓடையின் மேல் போட்ட மரமே முதற்பாலம் என்பதை நோக்க, இது பொருத்தமே. ‘பிரிஸ்டல்’ நகரின் பழைய பெயருக்குப் பாலம் உள்ள இடம் என்று பொருள். ‘கேம்பிரிட்ஜ்’ முதலில் ‘கிரான்டபிரிட்ஜ்’ என வழங்கியது. கிரான்டா ஆற்றின் மேல் உள்ள பாலம் என்பது அதன் பொருள். ஒலிமாற்றத்தால் ஊர்ப்பெயர் கேம்பிரிட்ஜ் ஆனபின், அதற்கேற்ப ஆற்றுக்குக் ‘கேம்’ என்ற பெயர் ஏற்பட்டது. ஆற்றின் பெயரால் ஊர் அழைக்கப்படுவதே வழக்கம். இங்கே ஊரின் பெயரால் ஆறு அழைக்கப்பட்டது.

இலத்தீனில் பாலம் ‘போன்ஸ்’. ரோமின் தலைமைப் பூசாரிகளுக்குப் ‘போன்டிஃபெக்ஸ்’ என்று பெயர். அதன் உறுப்புகளைப் பிரித்தால் ‘பாலம் செய்பவர்’ என்று பொருள் வரும். டைபர் ஆற்றின் மேல் இருந்த சுப்லீசியப் பாலத்தை அமைத்துப் பழுது பார்த்தவர்கள் பூசாரிகளே என்பதால் இப்பெயர் வந்தது என்று ரோமானிய அறிஞர் வாரோ விளக்கினார். ஜூலியஸ் சீசர் கி.மு. 63-இல் இப்பூசாரிகளின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று ஆங்கிலத்தில் போப்பாண்டவரைக் குறிக்கும் ‘பான்டிஃப்’ இச்சொல்லின் சிதைவே. மிதவைப் பாலத்தைக் குறிக்கும் ‘பான்டூன்’, அடி தட்டையான படகைக் குறிக்கும் ‘பன்ட்’ ஆகியவையும் இதனுடன் தொடர்புடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. வழியைக் குறிக்கும் சமஸ்கிருதப் ‘பந்தா’ என்ற சொல் இலத்தீனின் ‘போன்ஸ்’ என்பதற்கு உறவு.

‘சுருக்கு’ எனப் பொருள்படும் ‘அபிரிட்ஜ்’ என்ற சொல்லுக்கும் பாலத்துக்கும் தொடர்பில்லை. அது குறுகியது என்னும் பொருளுடைய ‘பிரெவிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. எழுத்தொற்றுமை சொல்லுறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

‘டிரான்ஸ்’: அக்கரையைக் காட்டும் முன்னொட்டு

‘டிரான்ஸ்’ என்பது ‘குறுக்கே’, ‘அப்பால்’ என்னும் பொருள்தரும் இலத்தீன் முன்னொட்டு. அதற்கு எதிர்ச்சொல் ‘இப்பால்’ எனப் பொருள்படும் ‘சிஸ்’. ரோமிலிருந்து பார்க்கையில் ஆல்ப்ஸ் மலைக்கு இப்பால் இருந்த கால் நாடு ‘சிஸால்பைன்’ கால் என்றும், அப்பால் இருந்தது ‘டிரான்ஸால்பைன்’ கால் என்றும் வழங்கின. ருமேனியாவின் ‘டிரான்சில்வேனியா’வுக்குக் காட்டுக்கு அப்பாலுள்ள நாடு என்று பொருள். வேதியியலில் ஒரு மூலக்கூற்றின் இரு தொகுதிகள் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் ‘சிஸ்’, எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் ‘டிரான்ஸ்’ என்பர். உணவுப் பொட்டலங்களில் காணும் ‘டிரான்ஸ் கொழுப்பு’ என்ற பெயர் இந்த அமைப்பைச் சுட்டுவதே.

இம்முன்னொட்டின் பின் வரும் வினையை அறிந்தால் சொல்லின் பொருள் தானே விளங்கும். ‘போர்ட்டாரே’ என்றால் சுமத்தல். ‘டிரான்ஸ்போர்ட்’ என்பது சுமந்து அப்பால் சேர்த்தல். ‘ஈரே’ என்றால் செல்லுதல்; ‘டிரான்சிட்’ என்பது கடந்து செல்லுதல். உணர்வு மறந்த நிலையைக் குறிக்கும் ‘டிரான்ஸ்’ என்ற தனிச்சொல்லும் இவ்வினையிலிருந்தே பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கு அது வாழ்விலிருந்து சாவுக்குக் கடந்து போவதைக் குறித்தது. ‘கிராதி’ என்றால் அடி வைத்தல். விதியை மீறி அடி வைப்பது ‘டிரான்ஸ்கிரெஸ்’. ‘ஃபெர்ரே’ என்றால் கொண்டு செல்லுதல், அதிலிருந்து ‘டிரான்ஸ்ஃபர்’. அவ்வினையின் இறந்தகால வடிவம் ‘லாட்டுஸ்’. அதிலிருந்து மொழிபெயர்த்தலைக் குறிக்கும் ‘டிரான்ஸ்லேட்’. இடமாற்றலும் மொழிபெயர்ப்பும் இலத்தீனில் ஒரே வினையின் இரு வடிவங்கள். இடைக்காலத்தில் ஆயர் ஒருவர் வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றப்படுவதையும், புனிதரின் எலும்புகள் வேறு கோவிலுக்குக் கொண்டு செல்லப்படுவதையும் ‘டிரான்ஸ்லேஷன்’ என்றே குறித்தனர்.

‘தாரே’ என்றால் கொடுத்தல். ‘டிரான்ஸ்’ சேர்ந்து ‘டிராதெரே’ ஆனபோது ‘ஒப்படைத்தல்’ என்று பொருள்பட்டது. அறிவையும் வழக்கத்தையும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது ‘டிரடிஷன்’ என்னும் மரபு. நாட்டை அல்லது நண்பனைப் பகைவரிடம் ஒப்படைப்பது ‘டிரீசன்’ என்னும் துரோகம். மரபும் துரோகமும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். எதை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதே வேறுபாடு.

‘டிரான்ஸ்’ என்பதன் ஆங்கில உடன்பிறப்பு ‘த்ரூ’ என்ற சொல். இரண்டும் கடத்தலைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. ‘முழுமையான’ எனப் பொருள்படும் ‘தரோ’ என்ற சொல் ‘த்ரூ’வின் நீண்ட வடிவம். மூக்குத்துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ பழைய ஆங்கிலத்தின் ‘மூக்கு’, ‘ஊடுருவிய துளை’ ஆகிய இரு சொற்களின் கூட்டு. மெய்சிலிர்ப்பைக் குறிக்கும் ‘த்ரில்’ முதலில் துளைத்தலைக் குறித்தது. பொதுச் சாலையைக் குறிக்கும் ‘தரோஃபேர்’ என்ற சொல்லில் இந்த வேரும், ‘ஃபேர்’ என்பதன் வேரும் அருகருகே நிற்கின்றன.

இதே வேர் சமஸ்கிருதத்தில் ‘தரதி’ என்ற வினையாக உள்ளது. ‘கடக்கிறான்’ என்பது பொருள். கடக்கும் துறைக்குத் ‘தீர்த்த’ என்று பெயர். துறையில் நீராடும் வழக்கத்தால் அது புனித நீரையும் புனிதத் தலத்தையும் குறித்தது. தமிழில் வழங்கும் ‘தீர்த்தம்’ இச்சொல்லே. சமண சமயத்தின் இருபத்துநான்கு ‘தீர்த்தங்கரர்’கள் பிறவிக்கடலைக் கடக்கத் துறை அமைத்தவர்கள் எனப் போற்றப்படுவோர். ‘கீழே’ எனப் பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்து ‘அவதாரம்’ ஆயிற்று. மேலிருந்து கீழே கடந்து வருதல் அதன் பொருள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘அவதார்’ என்ற வடிவில் ஆங்கிலத்தில் நுழைந்த இச்சொல், 1980-களில் கணினி விளையாட்டுகளில் பயனரின் உருவைக் குறிக்கத் தொடங்கியது. இலத்தீனும் கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரு பொது மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் எடுத்துரைத்தார். இத்தகைய ஒப்பீடுகள் முறையான ஆய்வாக வளர அது தூண்டுகோலாயிற்று.

எல்லையும் சட்டமும்

இலத்தீனில் ‘பாசுஸ்’ என்றால் ஓர் அடி. அடி எடுத்து வைத்துச் செல்வது ‘பாஸ்’. மலைகளுக்கிடையே செல்லும் கணவாயும், தேர்வில் தேறுவதும், காலம் கழிவதும் இச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. ‘பாஸ் அவே’ என்பது இறப்பை மென்மையாகச் சொல்லும் முறை. தமிழில் ‘காலமானார்’ என்பது போன்றது. ‘பாஸ்போர்ட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. துறைமுகத்தைக் கடக்க அனுமதி என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் இதற்கு வழங்கும் ‘கடவுச்சீட்டு’ என்ற சொல்லும் கடத்தலையே அடிப்படையாகக் கொண்டது. யூதர்களின் பாஸ்கா விழாவுக்கான ‘பாஸோவர்’ என்ற சொல்லை, விவிலியத்தை எபிரேயத்திலிருந்து ஆங்கிலமாக்கிய வில்லியம் டின்டேல் உருவாக்கினார். எகிப்தில் இஸ்ரயேலரின் வீடுகளைத் தீங்கு தீண்டாமல் கடந்து சென்றதை அது குறிக்கிறது.

‘டிரெஸ்பாஸ்’ என்பது ‘டிரான்ஸ்’, ‘பாஸ்’ இரண்டும் பிரெஞ்சில் இணைந்து பிறந்த சொல். எல்லை தாண்டி அடி வைப்பது என்பது பொருள். இடைக்கால இங்கிலாந்தின் சட்டத்தில் அது பிறருக்கு இழைக்கும் பலவகைத் தீங்குகளையும் குறித்தது. 1549-இல் வெளியான இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் இயேசு கற்பித்த செபத்தில் ‘குற்றங்கள்’ என்னும் பொருளில் இச்சொல்லே இடம்பெற்றது. இன்று அது பெரும்பாலும் பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைவதைக் குறிக்கிறது.

எல்லை கடத்தல் குறித்த ஆங்கில மரபுத்தொடர்களில் புகழ்பெற்றது ‘ரூபிகானைக் கடத்தல்’. ரூபிகான் இத்தாலியின் வடக்கேயுள்ள சிற்றாறு. அது இத்தாலிக்கும் சிஸால்பைன் காலுக்கும் எல்லையாக இருந்தது. படைத்தலைவர் படையுடன் அதைக் கடந்து இத்தாலிக்குள் வரக்கூடாது என்பது விதி. கி.மு. 49-இல் சீசர் கடந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. திரும்பிச் செல்ல முடியாத முடிவை எடுப்பதை இத்தொடர் குறிக்கிறது.

சாலையைக் கடப்பவர்

மோட்டார் வாகனங்கள் பெருகியபின் ஆற்றைப் போலவே சாலையும் ஆபத்தான இடமாயிற்று. அதற்கும் துறைகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் 1934-இல் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடக்கும் இடங்களைக் காட்டும் உருண்டை விளக்குக் கம்பங்களைக் கொண்டுவந்தார். அவை ‘பெலிஷா பீக்கன்’ எனப்பட்டன. 1949-இல் சாலையில் பட்டைகள் தீட்டிச் சோதனைகள் செய்யப்பட்டன. 1951-இல் கறுப்பு வெள்ளைக் கோடுகள் சட்டப்படி ஏற்கப்பட்டன. வரிக்குதிரையின் பெயரால் அவை ‘சீப்ரா கிராஸிங்’ ஆயின.

விலங்குப் பெயர் வைக்கும் வழக்கம் அதன்பின் தொடர்ந்தது. 1969-இல் வந்த ‘பெலிகன் கிராஸிங்’ என்பது ‘நடப்போர் கட்டுப்படுத்தும் விளக்கு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து, ஒரு பறவையின் பெயருக்கு ஏற்பச் சற்றே மாற்றி அமைத்தது. ‘டூக்கன் கிராஸிங்’கில் நடப்போர், மிதிவண்டியோர் ஆகிய இருவரும் கடக்கலாம், ‘இருவரால் முடியும்’ என்னும் ஆங்கிலத் தொடரும் அப்பறவையின் பெயரும் ஒலியில் ஒன்று. அதே 1969-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினரின் ‘அபே ரோடு’ இசைத்தட்டு உறையால் புகழ்பெற்ற லண்டன் சாலைக்கடப்பு, 2010-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. இலங்கைத் தமிழில் இத்தகைய இடம் ‘பாதசாரிக் கடவை’ எனப்படுகிறது.

அமெரிக்காவில் இதற்கு மாறாக, கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவரைக் குறிக்க ‘ஜேவாக்கர்’ என்ற சொல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. ‘ஜே’ என்பது நகர நடைமுறை அறியாத பட்டிக்காட்டான் எனப் பொருள்படும் கேலிச்சொல். அதுவரை எல்லாருக்கும் உரியதாயிருந்த சாலையில் நடப்பவரே தவறு செய்தவர் என்ற எண்ணத்தை இச்சொல் வேரூன்றச் செய்தது.

பயன்பாட்டு வேறுபாடுகள்

தமிழ் மாணவர் ‘கட’ என்று எண்ணி ஆங்கிலத்தில் எழுதும்போது எச்சொல்லைத் தேர்வது என்ற ஐயம் எழும். கடக்கப்படும் பொருளின் வடிவத்தை மனத்தில் கொண்டால் ஐயம் தீரும்.

‘அக்ராஸ்’ – பரப்பு அல்லது கோடு போன்றவற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தல். சாலை, ஆறு, திடல், எல்லைக்கோடு ஆகியவற்றுக்கு ஏற்றது.

‘த்ரூ’ – சூழ்ந்திருக்கும் ஒன்றின் உள்ளே நுழைந்து வெளியேறுதல். காடு, சுரங்கப்பாதை, கூட்டம், வாயில் ஆகியவற்றுக்கு ஏற்றது.

‘ஓவர்’ – மேலாகச் செல்லுதல். பாலம், சுவர், மலை ஆகியவற்றுக்கு ஏற்றது.

‘பாஸ்ட்’ – உள்ளே நுழையாமல், குறுக்கிடாமல், பக்கவாட்டில் கடந்து போதல். ‘பள்ளியைக் கடந்து வீடு செல்கிறான்’ என்பதற்கு இதுவே பொருந்தும். இங்கே ‘கிராஸ்’ என எழுதினால் அவன் பள்ளியின் குறுக்கே புகுந்து மறுபக்கம் போனான் என்று ஆகிவிடும்.

‘கிராஸ்’ என்பது சிலுவையின் வடிவத்தை இன்றும் விடவில்லை. ஒன்றின் குறுக்கே சென்றால்தான் அச்சொல் பொருந்தும். தேர்வைப் பொறுத்தவரை, அதன் குறுக்கே யாரும் செல்வதில்லை. அடியடியாக நடந்து மறுமுனை சேர்கின்றனர். எனவே அங்கே ‘பாஸ்’ என்பதே சரி.